210-உம் 247-உம்

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிக் கடலோரத்தில் நிற்கும் அனல்மின் நிலையத்தைப் பற்றி எந்தப் பொது அறிவுப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரே கணக்குதான் கிடைக்கும்: ஐந்து அலகுகள், அலகுக்கு 210 மெகாவாட், மொத்தம் 1,050 மெகாவாட். முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. ஐந்தும் நிறைவு பெற 1992 ஆயிற்று. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, இங்கே இறங்கி, கன்வேயரில் ஊர்ந்து கொதிகலனுக்குப் போகிறது. இதுவரை ஊருக்கே தெரியும்.

ஊருக்குத் தெரியாத ஒன்று ஜெனரேட்டரின் தகட்டில் இருக்கிறது. பெல் நிறுவனம் செய்யும் 210 மெகாவாட் ஜெனரேட்டரின் தகட்டில் 247 மெகா வோல்ட்-ஆம்பியர் என்று இன்னோர் எண்ணும் பொறித்திருக்கும். கூடவே பவர் ஃபேக்டர் 0.85, மின்னழுத்தம் 15.75 கிலோவோல்ட், மின்னோட்டம் சுமார் 9,050 ஆம்பியர், வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று.

ஓர் இயந்திரத்துக்கு எதற்கு இரண்டு திறன்? 247-இல் 210 போக மிச்சம் 37 எங்கே போனது என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அந்தக் கழித்தலே செல்லாது. அங்கே ஒளிந்திருப்பது 37 இல்லை, 130. எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுமின்சாரம். மின்னழுத்தம் நொடிக்கு 50 தடவை ஏறி, இறங்கி, திசை மாறி, மறுபடி ஏறுகிறது. இட்லிக் கடையின் மின்னடுப்பில் மின்னோட்டமும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது மின்னோட்டமும் உச்சத்தில். இரண்டையும் பெருக்கினால் வருவது முழுக்க முழுக்க வெப்பமாகிறது. கணக்கில் சிக்கலே இல்லை.

மோட்டாரின் சுபாவம் வேறு. சுழல வேண்டுமானால் அதற்குள் முதலில் காந்தப்புலம் வேண்டும். காந்தப்புலத்தை உண்டாக்க ஆற்றல் தேவை. புலம் தணியும்போது அதே ஆற்றல் வந்த வழியே கம்பிக்குத் திரும்பிவிடுகிறது. நொடிக்கு 100 தடவை இந்த வரவும் போக்கும் நடக்கின்றன. நிகரக் கணக்கு பூஜ்யம். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அது இறைக்காது, ஓர் அங்குலம்கூடச் சரக்கைத் தூக்காது. ஆனால் அது இல்லாமல் மோட்டார் அசையவும் அசையாது. இந்த வரவுபோக்கினால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றே பின்தங்கி வருகிறது. மின்வாரியப் பொறியாளர்கள் இதை ரியாக்டிவ் பவர் என்பார்கள். நூல்களில் எதிர்வினைத் திறன், அதன் அலகு வார். வேலையாக மாறுவது மெய்த்திறன், அதன் அலகு வாட். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும், தாளம் பொருந்துகிறதா என்று பாராமல், அப்படியே பெருக்கினால் வருவது தோற்றத்திறன். அதன் அலகு வோல்ட்-ஆம்பியர். மெய்த்திறனைத் தோற்றத்திறனால் வகுத்தால் பவர் ஃபேக்டர்.

மெய்த்திறனும் எதிர்வினைத் திறனும் நேராகக் கூட்டப்படுவதில்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தாக நின்று, செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகின்றன. தோற்றத்திறன் அதன் கர்ணம். ஆக 247-இன் வர்க்கத்திலிருந்து 210-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டால் 130. தூத்துக்குடி ஜெனரேட்டர் 210 மெகாவாட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே 130 மெகாவார் எதிர்வினைத் திறனையும் கொடுக்க வல்லது என்பதுதான் அந்தத் தகடு சொல்லும் சேதி. இந்தச் செங்கோணக் கணக்கைப் பொறியாளர்கள் கைக்கு எட்டச் செய்தவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன அவர் 1893-இல் சிக்காகோவில் நடந்த மின்னியல் மாநாட்டில், கணக்கு வகுப்பில் நாம் வேண்டாவெறுப்பாகப் படித்த கற்பனை எண்களைக் கொண்டே மாறுமின்சாரத்தை அளந்து காட்டினார்.

சரி, எதிர்வினைத் திறன் வேலை செய்யாது என்றால் அதைத் தகட்டில் ஏன் கணக்கு வைக்க வேண்டும்?

எந்த மின் இயந்திரமும் சாவது சூட்டினால்தான். ரீவைண்டிங் கடையில் கருகிய காயிலோடு வந்து கிடக்கும் மோட்டார்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சூடு இரண்டு இடத்தில் பிறக்கிறது. ஒன்று இரும்பு: காந்தப்புலம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குவதால் இரும்புத் தகடுகள் சூடாகின்றன, இது மின்னழுத்தத்தைப் பொறுத்தது. இன்னொன்று செம்பு: கம்பியின் தடையைக் கடந்து மின்னோட்டம் போவதால் வரும் சூடு. இரும்புக்குத் தெரிந்தது வோல்ட் மட்டும், செம்புக்குத் தெரிந்தது ஆம்பியர் மட்டும். இரண்டின் தாளமும் பொருந்துகிறதா, வந்த ஆம்பியர் வேலை செய்ததா, சும்மா போய்த் திரும்பியதா என்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. எந்த ஆம்பியரானாலும் அதே சூடுதான். அதனால் இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய எண்தான் நேர்மையான எண். தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 63 கே.வி.ஏ. (கிலோ வோல்ட்-ஆம்பியர்), 100 கே.வி.ஏ., 250 கே.வி.ஏ. என்று மட்டும் போட்டு, வாட் பற்றிப் பேச்சே எடுக்காததற்கும் இதுதான் காரணம். அதன் மறுபக்கம் யார் என்ன மாட்டப்போகிறார்கள் என்பது டிரான்ஸ்பார்மர் செய்தவருக்கு எப்படித் தெரியும்?

செம்பின் சூட்டில் இன்னொரு விவகாரம் உண்டு. அது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. இந்தக் கடற்கரைக்கு வர்க்கக் கணக்கு புதிதில்லை. மன்னார் வளைகுடாவின் கடலடிப் பார்களில் எடுத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்த வணிகர்கள், நல்ல முத்துக்கு விலை வைத்தது வெறும் எடையை வைத்து அல்ல. எடையின் வர்க்கத்தை ஒட்டி வரும் செவ்வு என்ற கணக்கை வைத்து. ஒரு முத்தின் எடை இன்னொன்றைப் போல இரு மடங்கு என்றால் மதிப்பு நான்கு மடங்கு. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. செம்புக் கம்பி மட்டும் இன்னும் செவ்வுக் கணக்கில்தான் சூடாகிறது. மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. முத்து வணிகருக்கு லாபமாக இருந்த வர்க்கம் இங்கே நட்டம்.

இதை நம் ஜெனரேட்டரில் வைத்துப் பார்க்கலாம். 210 மெகாவாட்டை பவர் ஃபேக்டர் 1-இல் கொடுத்தால் சுமார் 7,700 ஆம்பியர் போதும். 0.85-இல் கொடுத்தால் 9,050 ஆம்பியர். வேலை அதே வேலை, எரியும் நிலக்கரியும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் ஸ்டேட்டர் எனும் சுழலாத பகுதியின் செம்பில் சூடு 38 விழுக்காடு கூடுதல். அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் இத்தனை பாடு. இவ்வகை ஜெனரேட்டரில் ஸ்டேட்டர் கம்பிகள் உள்ளே குழலாக இருக்கும். குழல் வழியே தூய நீர் ஓடும். சுழலும் ரோட்டாரைக் குளிர்விப்பது ஹைட்ரஜன் வாயு. காற்றைவிடப் பல மடங்கு மெலிது என்பதால் சுழற்சிக்கு உராய்வு குறைவு, வெப்பத்தையும் விரைவாகக் கடத்தும். காற்றோடு கலந்தால் வெடிக்கும் வாயுவைப் பூட்டிவைத்து அதற்குள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது பல டன் எடையுள்ள இரும்பு. ஹைட்ரஜனின் அழுத்தம் குறைந்தால் 247 என்ற எண்ணும் குறையும். தகட்டு எண் கல்லில் வெட்டியதில்லை. குளிர்விப்பு சரியாக நடக்கும்வரைதான் அதற்கு உயிர்.

ஆக இரண்டு எண்களும் இரண்டு வேறு பொருள்களின் எல்லை. 210 என்பது கொதிகலனும் நீராவிச் சுழலியும் தள்ளக்கூடிய வேலை. 247 என்பது ஜெனரேட்டரின் செம்பும் இரும்பும் தாங்கும் சுமை. பவர் ஃபேக்டரை 1-க்குக் கொண்டுபோனாலும் 247 மெகாவாட் கிடைக்காது, சுழலியால் அவ்வளவு தள்ள முடியாது. இன்னொரு பக்கம், மெகாவாட்டைப் பாதியாக்கிவிட்டு 247 முழுவதையும் எதிர்வினைத் திறன் பக்கம் சாய்க்கவும் முடியாது. அதற்காக ரோட்டாரின் காந்தத்தைக் கூட்டக் கூட்ட, அதன் சுருள் ஸ்டேட்டருக்கு முன்பே கொதித்துவிடும். காந்தத்தை மிகக் குறைத்தாலோ ஸ்டேட்டரின் முனை இரும்பு சூடாகும், இயந்திரம் மின்தொகுப்போடு பிடி தளரும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் இந்த வேலிகளுக்கு நடுவேதான் ஓட்டுகிறார்கள். 2015-இல் இங்கே இயங்கத் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்தின் கூட்டு நிலையத்து 500 மெகாவாட் அலகுகளுக்கும் கதை இதேதான், எண்கள் பெரிது.

மோட்டாரின் தகடு மட்டும் வேறு பாஷை பேசும். அதில் இருக்கும் குதிரைத்திறனோ கிலோவாட்டோ அச்சில் கிடைக்கும் வேலை. வாங்குகிறவருக்கு வேண்டியது அதுதானே! கம்பி வழியே அது எவ்வளவு இழுக்கும் என்பதை மற்ற எண்களிலிருந்து நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். உப்பளத்தில் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்திக்குப் பாய்ச்சும் 10 எச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்வோம். அச்சில் 7.5 கிலோவாட். பயனுறுதிறன் 87 விழுக்காடு என்றால் உள்ளே போவது 8.6 கிலோவாட். பவர் ஃபேக்டர் 0.83 என்றால் தோற்றத்திறன் 10.4 கே.வி.ஏ. மூன்று ஃபேஸ் 415 வோல்ட்டில் 14.4 ஆம்பியர். இதில் ஏறக்குறைய 5.8 கேவார் வெறும் காந்தப் போக்குவரத்து.

அந்தப் போக்குவரத்தை அனல்மின் நிலையத்திலிருந்து உப்பளம் வரைக்கும் இழுத்தடிக்க வேண்டுமா? வேண்டாம். கெபாசிட்டர் என்ற சின்னப் பெட்டி மோட்டாருக்கு நேர் எதிர் சுபாவம் கொண்டது. மோட்டாரின் காந்தப்புலம் ஆற்றலைத் திருப்பித் தரும் நொடியில் அது வாங்கி வைத்துக்கொள்கிறது. மோட்டார் கேட்கும் நொடியில் கொடுக்கிறது. வரவுபோக்கு அந்த இரண்டுக்குள் முடிந்துவிடும். 4 கேவார் கெபாசிட்டர் ஒன்றை மோட்டாருக்குப் பக்கத்தில் மாட்டினால், கம்பியில் வரும் மின்னோட்டம் 14.4 ஆம்பியரிலிருந்து 12.2-க்கு இறங்கிவிடும். மோட்டார் அதே தண்ணீரைத்தான் இறைக்கும். குறைவது கம்பியின் சூடு, டிரான்ஸ்பார்மரின் சுமை, கடைக்கோடியில் வோல்டேஜ் சரிவு. ஆனால் உப்புக்காற்றில் கெபாசிட்டரின் இணைப்பு முனைகள் அரித்துப்போகும். செத்த கெபாசிட்டர் பெட்டி வெளியே பார்க்க உயிருள்ளதைப் போலவே இருக்கும். மீட்டரில் பவர் ஃபேக்டர் இறங்கும்போதுதான் சங்கதி தெரியும். ஆம்பியர் மீட்டரை ஆண்டுக்கு ஒரு தடவையாவது கெபாசிட்டர் கம்பியில் மாட்டிப் பார்ப்பது நல்லது.

பெரிய மோட்டார் வாங்கினால் நல்லது என்ற எண்ணமும் இங்கே பரவலாக உண்டு. 5 எச்.பி. போதுமான இடத்தில் 10 எச்.பி. வாங்கி மாட்டினால் காந்தத்துக்கான மின்னோட்டம் 10 எச்.பி.க்கு உள்ளதுதான் ஓடும், வேலை மட்டும் பாதி. பவர் ஃபேக்டர் 0.6, 0.7 என்று சரியும். எச்.பி.யில் பெருமை பார்க்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

உயர் அழுத்த இணைப்பு வாங்கும் ஆலைகளுக்கு இந்த முக்கோணம் ரூபாயாகவே வந்து நிற்கிறது. ஓடிய யூனிட்டுக்கு மின்வாரியம் வாட் கணக்கில் பணம் வாங்குகிறது. தேவைக் கட்டணத்தை மட்டும் கே.வி.ஏ. கணக்கில். அது 2022 செப்டம்பரில் மாதத்துக்குக் கே.வி.ஏ.வுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. அந்தக் கட்டணத்தில், 450 கிலோவாட் இழுக்கும் ஆலை பவர் ஃபேக்டர் 0.75-இல் இருந்தால் 600 கே.வி.ஏ.; 0.95-க்கு ஏற்றினால் 474. வித்தியாசம் 126 கே.வி.ஏ., மாதத்துக்கு 69,300 ரூபாய். இது போக, 0.90-க்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு 0.01-க்கும் ஒரு விழுக்காடு ஈட்டுத்தொகை, 0.85-க்கும் கீழே போனால் இன்னும் கடுமை. கட்டணத்தைத் தீட்டியவர்களைத் திட்டுவதற்கு முன், சும்மா போய்வரும் மின்னோட்டத்துக்காகவும் வாரியம் முழுத் தடிமனில் கம்பி இழுத்தாக வேண்டும் என்பதை நினைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் வாரியத்தின் பக்கம்தான் நியாயம்.

ஜெனரேட்டர் செட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு சொல். ஐஸ் பிளாண்டுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ 125 கே.வி.ஏ. செட் என்று விலை பேசும்போது, தகட்டில் 0.8 பவர் ஃபேக்டர் என்றிருந்தால் அதன் டீசல் இன்ஜின் தள்ளுவது 100 கிலோவாட்தான். கெபாசிட்டர் மாட்டி பவர் ஃபேக்டரை 1 ஆக்கிவிட்டு 125 கிலோவாட் ஏற்றலாம் என்று போனால், ஜெனரேட்டர் தாங்கும். இன்ஜின் கரும்புகை கக்கி நிற்கும். தூத்துக்குடி அலகின் 210-உம் 247-உம் இங்கே சின்ன உருவில்.

தென்கோடியில் எதிர்வினைத் திறனின் கதை காற்றாலையோடு சிக்கலானது. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986-இல் அமைந்தபோது அவற்றுள் ஒன்று தூத்துக்குடியில் வந்தது. 55 கிலோவாட் வெஸ்டாஸ் இயந்திரங்கள். அக்கால இயந்திரங்களின் ஜெனரேட்டர், வகையில் உப்பளத்துத் தூண்டல் மோட்டாரின் உடன்பிறப்பு. காற்று சுழற்றினால் மெய்த்திறனைக் கொடுக்கும், தன் காந்தத்துக்கான எதிர்வினைத் திறனை மின்தொகுப்பிடமிருந்தே வாங்கும். ஒரு கையால் கொடுத்து மறுகையால் வாங்கும் இந்த வழக்கத்தால்தான், ஒழுங்குமுறை ஆணையத்தின் காற்றாலை உத்தரவுகளில் வாங்கும் கேவார்-மணிக்குக் காசு வைத்தார்கள்: உற்பத்தியில் 10 விழுக்காட்டுக்குள் 25 காசு, தாண்டினால் 50 காசு. இப்போது வரும் காற்றாலைகளும் சூரிய மின் இன்வெர்ட்டர்களும் மின்னணுச் சுற்றுகளின் துணையால் இரு பக்கமும் கொடுக்க வல்லவை. 0.95 பவர் ஃபேக்டர்வரை இரு திசையிலும் தாங்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. 100 மெகாவாட் கொடுத்தபடியே இதைச் செய்ய வேண்டுமானால் இன்வெர்ட்டர்களின் தகட்டில் 105 எம்.வி.ஏ.வாவது இருக்க வேண்டும். சூரியனுக்கும் இரண்டு எண்.

எதிர்வினைத் திறனை நெடுந்தூரம் அனுப்ப முடியாது. நீண்ட கம்பியே பெரிய சுருள்போல நடந்துகொண்டு அதை வழியிலேயே தின்றுவிடும். வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே உற்பத்தி செய்தாக வேண்டும். தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டோக்கியோ சாட்சி. 1987 ஜூலை 23, கொடும் வெயில். மதிய உணவு முடிந்து எல்லா அலுவலகங்களிலும் ஏ.சி.கள் ஒருசேர ஓடின. மெகாவாட் உற்பத்திக்குக் குறைவில்லை, சரிந்தது மின்னழுத்தம். மின்னழுத்தம் சரிந்தால் ஏ.சி. இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். கெபாசிட்டரோ கைவிடும், ஏனென்றால் அது தரும் கேவார் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 28 லட்சம் வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளிய தொடர் விபத்தில், தொடக்கத்தில் நின்றுபோன இயந்திரங்களில் ஒன்று ஒஹாயோவின் ஈஸ்ட்லேக் 5-ஆம் அலகு. சரியும் மின்னழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்க அதனிடம் இன்னும் கொஞ்சம் எதிர்வினைத் திறன் கேட்டார்கள். அது தகட்டின் வேலியைத் தாண்டியதும் பாதுகாப்புக் கருவி அதை நிறுத்திவிட்டது. அந்தப் பேரிருட்டுக்கு அது ஒன்றே காரணமில்லை. ஆனால் தகட்டின் எல்லை ஏட்டுக் கணக்கில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தூத்துக்குடியின் பழைய அலகுகளுக்கு வயது ஏறிவிட்டது. நிலக்கரியை விட்டு விலகும் காலத்தில் என்றோ ஒருநாள் அவற்றின் கொதிகலன்கள் அணையும். அப்போது போவது 1,050 மெகாவாட் மட்டும் என்றுதான் செய்திகளில் வரும். அலகுக்கு 130 மெகாவாரும் சேர்ந்து போகும் என்று யாரும் எழுதமாட்டார்கள். ஜெர்மனியில் பிப்லிஸ் அணுமின் நிலையத்தின் ஏ அலகை மூடியபோது அதன் ஜெனரேட்டரை உடைக்கவில்லை. சுழலியிலிருந்து பிரித்து, மெகாவாட் எதுவும் தராமல் எதிர்வினைத் திறனை மட்டும் தரும் இயந்திரமாக 2012 முதல் சில ஆண்டுகள் ஓட்டினார்கள். காற்றும் வெயிலும் மிகுந்த தென்மாவட்டங்களில், மின்தொகுப்போடு ஏற்கெனவே இணைந்து நிற்கும் ஜெனரேட்டர்களைப் பழைய இரும்புக்கு எடைபோடும் முன், அவற்றுள் எது எது இப்படி ஓடத் தகுதியானது என்று மின்வாரியம் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.